ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன்

நைனா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை முதலில் பஸ்ஸில்தான் கேட்டேன். மாமல்லபுரத்தில் ஏறினேன், திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை உட்கார இடமில்லை. ஒரு கை கம்பியில், ஒரு கையில் போன். காதோடு அழுத்திக்கொண்டும் பாதிதான் விளங்கியது. வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு, உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி கேட்டேன். அந்த அறையில் எல்லாம் கேட்கும். நீ எச்சில் விழுங்கியதுகூடக் கேட்டது. சொல்லவேண்டிய விஷயத்துக்குச் சற்று முன்னால் விழுங்கினாய். உனக்கும் அது தொண்டையில் நிற்கிற விஷயம்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அது தெரியாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

"ம்மா, நம்ம ஜன்னல் பாட்டு எங்க சாருக்கு ரொம்பப் புடிச்சிருச்சும்மா. ஆனா வாய்ஸ் மட்டும் புரொபஷனலா இல்லேன்றாரு. வேற ஒரு பொண்ணு பாட வராங்க, நல்லா கத்துக்கினவங்க. இன்னா ஒண்ணு, அவங்களுக்கு நம்ம பேச்சு வரல. அந்த 'கீது' எல்லாம் அப்டியே வேணுமாம் சாருக்கு. நீ போன்ல ஒரு அர மணி நேரம் அவங்களுக்குச் சொல்லிக் குடு, நீ எப்டிச் சொல்றியோ அதே மாதிரி. சரியா? சரின்னா ஒரு தம்ஸ்அப் போடு."

நான் கட்டைவிரல் போடவில்லை. போனிலும் பேசவில்லை. பேசினால் கத்துவேன், நீ "ம்மா, வேலையில கீறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதில் ரகசியம் எதுவும் இல்லை. உன் கூட இருக்கிற பையன்கள் படித்தாலும் சரி, உன் சார் படித்தாலும் சரி. நம் தெருவில் யார் கேட்டாலும் நானே சத்தமாக வாசித்துக் காட்டுவேன்.

முதலில் வீட்டு நிலவரம். பொங்கல் முடிந்து நீ மைக்கையும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு வடபழனிக்கு, உன் சாரின் ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போன பிறகும் நான் ஹாலில்தான் படுக்கிறேன். அறை காலியாகத்தான் இருக்கிறது, போய்ப் படு என்று நீ சொன்னாய். படுத்துப் பார்த்தேன். முடியவில்லை. திரை தொங்கும் அந்த அறையில் என் மூச்சு எனக்கே பக்கத்தில் யாரோ விடுகிற மாதிரிக் கேட்கிறது. ஹாலில் படுத்தால் லாரி போகும், பக்கத்து வீட்டுக் குழந்தை இருமும், அது போதும். வேலை, பஸ், சோறு, தூக்கம். டிவி போடுவதில்லை. உன் அப்பா கருங்குழியில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போனபோதுகூட வீடு இவ்வளவு காலியாகத் தெரிந்ததில்லை. அப்போது நீ இருந்தாய், ஓயாமல் எதையாவது தட்டிக்கொண்டிருந்தாய். இப்போது ஒரே ஒரு பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் பெயர் போனில் வந்தால் எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன். நீ அங்கே என் பேச்சைப் பதிவு செய்யவில்லை என்று தெரியும். இருந்தாலும் கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறது. வேர்த்து வழிய உன்னோடு "சாப்டியா" என்று பேசுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலையில் நீ கான்ட்ராக்ட் வேலைக்குப் போன காலம் அது. இரும்புத் தகட்டை அழுத்துகிற மெஷின் பக்கத்தில் உன்னை நிற்க வைத்தார்கள். நிரந்தர ஆட்களுக்குக் காதடைப்பான் கொடுத்தார்கள். நீங்கள் கேட்டபோது, அடுத்த லோடில் வரும் என்றார்கள். நீ வேலையை விடும்வரை அந்த லோடு வரவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "ம்மா, காதுல கொய்யின்னு கேட்டுகினே கீது" என்பாய். அந்தச் சம்பளத்தில்தான் மைக் வாங்கினாய். மற்ற பையன்கள் வண்டிக்குத் தவணை கட்டினார்கள். நீ காது கெடுகிற வேலை பார்த்து, காது வேண்டிய சாமான் வாங்கினாய். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. ஆனால் தடுக்கவில்லை. இவனுக்கு இந்த ஒன்றாவது இவன் இஷ்டத்துக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அறையின் எதிரொலி போக வேண்டும் என்று எவனோ யூட்யூபில் சொன்னதைக் கேட்டு, முட்டைக்கடையெல்லாம் ஏறி இறங்கி முட்டை அட்டையாகக் கொண்டுவந்து சுவர் முழுக்க ஒட்டினாய். எதிரொலி கொஞ்சமும் போகவில்லை. கரப்பான்பூச்சி வந்தது. கரப்பானைத் தின்னப் பல்லி வந்தது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, உம் புள்ள பாட்டு எடுக்கறானா, கோழி அடை வெக்கறானா?" என்று கேட்டது நாலு நாளைக்குத் தெரு முழுக்க ஓடியது. அந்த அட்டையை எல்லாம் பிய்த்தபோது சுண்ணாம்பும் கூடவே வந்தது. அந்தப் பள்ளங்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன.

அப்புறம்தான் செங்கல்பட்டில் வாடகைக்கு மாடி வீடு பார்க்கலாம் என்றாய். நம் வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுச் சுவர், நம் கூரைச் சத்தம் அடுத்த கூரைச் சத்தம், வெளியே கல் உடைக்கிற கிரஷருக்குப் போகிற டிப்பர் லாரி. இங்கே சுத்தமாகப் பதிவு செய்யவே முடியாது என்றாய். போனோம். வீட்டுக்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். நான் எங்கே வேலை செய்கிறேன், நீ என்ன படித்தாய் எல்லாம் கேட்டார். பிறகு, "எந்த ஊரு?" என்றார். சொன்னோம். "ஊருக்குள்ளயா, அந்தாண்டயா?" என்றார். நீ என் முகத்தைப் பார்த்தாய். "அந்தாண்ட" என்று நான்தான் சொன்னேன். உடனே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "தம்பி மியூசிக் போடுவாப்டின்னீங்களே, எங்களுக்குச் சத்தம் ஆவாதும்மா." நீ அவரிடம், வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்கத்தான் வீடு தேடுகிறோம், உள்சத்தம் வெளியே வராது என்று விளக்கிக்கொண்டிருந்தாய். ஹெட்போனை எடுத்துக் காட்டக்கூடச் செய்தாய். எனக்கு உன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டும் போல் இருந்தது. அவருக்குச் சத்தமா நைனா பிரச்சினை?

அன்றைக்குத் திரும்பி வரும்போது எனக்கு ஒன்று புரிந்தது. நிலம் யாரிடம் இருக்கிறதோ, அமைதியும் அவரிடம்தான் இருக்கிறது. தோப்பு, காம்பவுண்டு, தள்ளித் தள்ளி வீடு, தடித்த சுவர். நமக்குக் கொடுத்தது ரோட்டோரம், ரயிலோரம், குவாரியோரம். பிறகு நம் பிள்ளைகள் ஒரு பாட்டைப் பதிவு செய்தால், "பின்னால ஒரே நாய்ஸ்" என்று சொல்வார்கள். அந்த நாய்ஸ் எங்கேயிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நான் வேலை பார்க்கிற இடம் உனக்குத் தெரியும். கடலைப் பார்த்த ரிசார்ட். அங்கே எந்த அறை எவ்வளவு அமைதி என்பது பெட்ஷீட் மாற்றுகிற எங்களுக்குத் தெரியும். இரட்டைக் கண்ணாடிக் கதவைச் சாத்தினால் அவ்வளவு பெரிய கடல் படமாகிவிடும். அலை அடிப்பது தெரியும், சத்தம் வராது. அப்படி ஓர் அறையில் தங்கியிருந்த அம்மா ஒருவர், ஏசி லேசாக முனகுகிறது என்று புகார் சொல்லி அறை மாற்றிக்கொண்டார். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவள் நான். என் மகன் இந்த அறையில் ஒரு மதியம் இருந்தால் போதுமே என்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே அறைகளைப் புதுப்பித்தபோது பழைய திரைகளைக் கழித்தார்கள். கம்பளி போலக் கனமான, வெளிச்சம் புகாத திரைகள். சூபர்வைசரைக் கேட்டேன், எடுத்துப் போ என்றார். மூட்டை கட்டித் தலையில் வைத்து கேட்டுக்கு வந்தால் செக்யூரிட்டி நிறுத்தினான். சூபர்வைசர் போனை எடுக்கவில்லை. மூட்டையைப் பிரித்து ரோட்டோரம் விரிக்கச் சொன்னான். கார்கள் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு திரையாக உதறிக் காட்டினேன். "இத வச்சி இன்னாமா பண்ணுவ, சேலையா கட்டிக்குவ?" என்றான். "எம் புள்ள ஸ்டுடியோ கட்றான்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, அது உனக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அவனும் அச்சரப்பாக்கத்திலிருந்து தினமும் வருகிறவன். அவனை அங்கே நிற்க வைத்து எங்கள் மூட்டையை அவிழ்க்கச் சொன்னவர்கள் மேல்தான் கோபம். அவர்கள் கேட்டுக்கு வருவதே இல்லை.

அந்தத் திரைகளை நீ சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொடி கட்டி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டாய். சுவரோடு ஒட்டினால் பயனில்லை, இடைவெளி வேண்டும், மடிப்பு வேண்டும் என்றாய். மூலையில் என் பழைய மெத்தையை நிறுத்தினாய். நடுவில் நின்று கை தட்டினாய். சத்தம் டப்பென்று செத்தது. உன் முகத்தை அன்றைக்குப் பார்க்க வேண்டுமே. திரும்பத் திரும்பக் கை தட்டினாய். என்னையும் தட்டச் சொன்னாய். ஒன்றுமே கேட்காததற்கு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் ஒரு முனகல் மிச்சம் இருந்தது. ஃபேனை நிறுத்தினோம், இருந்தது. கடைசியில் அது ஃப்ரிட்ஜ் என்று கண்டுபிடித்தாய். நம் சந்தில் இருக்கிற ஒரே ஃப்ரிட்ஜ். அதில் நம்முடையது தண்ணீர் பாட்டிலும் மாவும்தான், மற்றதெல்லாம் அடுத்த வீடுகளுடையது. பதிவுக்காக அதை நிறுத்தினாய். முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய், நான் வேலைக்குப் போய்விட்டேன். மறுநாள் ஸ்டெல்லா அக்கா வந்து ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபோது அவளுடைய இறால் நாறிக்கொண்டிருந்தது. மகளின் மாமியார் வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று சதுரங்கப்பட்டினம் போய் வாங்கி வந்த இறால்.

"ஏண்டி, சம்பந்தி வந்து குந்திகினு கீறாங்க, நான் இன்னாத்தடி போடுவேன்? உம் புள்ள பாட்டையா?"

"யக்கா, மறந்துட்டாங்க்கா. வேணும்னா பண்ணான்?"

"மறந்துட்டானாம். சோறு துன்ன மறந்தானா? வந்து சொல்லச் சொல்லுடி எங்க சம்பந்திகிட்ட, கரண்ட் சத்தம் கேக்குதுன்னு கறி நாறவுட்டேன்னு!"

நீ போய்ச் சொல்லவே சொன்னாய். அவள் வீட்டு வாசலில் நின்று, அந்தச் சம்பந்திகளுக்கு ஃப்ரிட்ஜ் முனகல் எப்படிக் குரலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்று விளக்கினாய். அவர்கள் கடைசியில் முட்டைக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, பாட்டு எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் என் ஐடி கார்டை ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிற யோசனையை நீ கண்டுபிடித்தாய். அது இல்லாமல் நான் வேலைக்குக் கிளம்ப முடியாது, எடுக்கப் போனால் ஃப்ரிட்ஜ் நின்றிருப்பது தெரியும். குளிர்ந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் எத்தனை காலை பஸ் ஏறினேன்.

அதன் பிறகு சிவப்புத் துண்டு. அதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் பதிவு நடக்கிறது என்று நீ ஸ்டெல்லா அக்காவிடம் மட்டும் சொன்னாய். அவள் சந்தில் சொன்னாள், சொன்ன விதத்தில் யாருக்கும் மறுக்கத் தைரியம் வரவில்லை. ஞாயிறு மதியம் துண்டு தொங்கியதும் மிக்சி நிற்கும், டிவி நிற்கும், குழாயடியில் குடம் வைக்கிற சத்தம்கூட மெல்லப் போய்விடும். ஊருக்குள்ளிருந்து கோயில் ஸ்பீக்கர் பாடினால் மட்டும் நாம் ஒன்றும் செய்ய முடியாது, முடியும்வரை காத்திருப்போம். நமக்கு யாரும் வாடகைக்கும் தராத அமைதியை நம் சந்து சும்மா கொடுத்தது. அதில்தான் என்னைப் பாடச் சொன்னாய்.

நான் பாடுகிறவள் இல்லை. படுக்கை விரிக்கும்போது வாய்க்குள் முனகுவேன், அவ்வளவுதான். ஒரு நாள் சமைக்கும்போது அதை நீ கேட்டுவிட்டாய்.

கண்ணாடி தொடைக்கிறேன், கடலு பளபளன்னு கீது,
பாக்குறவங்க வர்றதுக்குள்ள பொறப்படணும் நானு.

இது யார் எழுதியது என்று கேட்டாய். யாரும் எழுதவில்லை, ஜன்னல் துடைக்கிறபோது வந்தது என்றேன். சித்திரை வெயிலில், ஃபேன் இல்லாமல், சுற்றிலும் கம்பளித் திரை தொங்க, தலையிலிருந்து வேர்வை வாய்க்குள் இறங்க, அதை எத்தனை தடவை பாட வைத்தாய். மைக்குக்கு நேரே நிற்காதே, கொஞ்சம் ஒதுங்கி நில் என்பாய். "ப" வரும்போது காற்று முட்டுகிறது என்பாய். பாட்டு முடிந்தும் சும்மா நிற்கச் சொல்வாய். அறையின் வெறுமையும் கொஞ்சம் வேண்டும் என்பாய். அந்தத் திரைகளில் அப்போதும் கடல் உப்பு வாசனை இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கண்ணாடி முன்னாலேயே நின்றேன். அதுதான் நான் என் வாழ்க்கையில் சந்தோஷமாக வேர்த்த காலம்.

பாட்டு முடிந்ததும் ஹெட்போனில் கேட்கக் கொடுத்தாய். என் குரல் தலையைச் சுற்றி, கடல் மாதிரி அகலமாக நின்றது. நான்தானா என்று கேட்டேன். என் போனுக்கு அனுப்பு, வேலை இடத்தில் எல்லாருக்கும் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். "வேணாம்மா, போன் ஸ்பீக்கர்ல கேட்டா அசிங்கமா இருக்கும்" என்று யாருக்குமே கொடுக்கவில்லை. ஆடியில் நம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்றைக்குத்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்றாய்.

அன்றைக்கு நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. மைக் செட் செல்வம் அண்ணன் உன் பென் டிரைவை வாங்கிச் செருகினார். "இன்னா தங்கச்சி, இன்னிக்கி மொத பாட்டே உன்னுதுதான்" என்றார். ஸ்டெல்லா அக்கா, அவள் சர்ச்சுக்குப் போகிறவள், இருந்தும் வந்து முதல் வரிசையில் நின்றுகொண்டு, "டேய், சும்மா இருங்கடா, எங்க சந்துப் பாட்டு வரப்போவுது" என்று பையன்களை அதட்டினாள். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் தாளம் வந்தது. கீபோர்டு வந்தது. என் குரல் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. யாரோ கிணற்றுக்குள்ளிருந்து முனகுவது போல ஏதோ இழுத்தது, அவ்வளவுதான். செல்வம் அண்ணன் சத்தத்தைக் கூட்டினார். தாளம் காதைக் கிழித்தது. குரல் இல்லை.

"பாட்டு எப்பண்ணா ஆரம்பிக்கும்?" என்று ஒருவன் கேட்டான். "கரோக்கி மச்சான் இது, மைக்க குடு, நான் பாடறேன்" என்றான் இன்னொருவன். சிரிப்பு. ஸ்டெல்லா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏண்டி, வாய மட்டும் அசச்சியா? இதுக்கா நான் மிக்சி போடாம, சட்னியே இல்லாம இட்லி துன்னேன்?" என்றாள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. நீ பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டாய்.

காரணத்தை நீயே கண்டுபிடித்தாய். அதை எனக்கு ஒரே ஒரு தடவை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். குரலை அகலமாக்க அதையே இரண்டாக்கி, ஒன்றை ஒரு காதுக்கும், இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி மறு காதுக்கும் கொடுத்திருந்தாய். ஹெட்போனில் இரண்டு காதும் தனித்தனி, அதனால் பிரமாதமாக இருந்தது. மைக் செட்டில் இரண்டும் ஒரே ஒயரில் சேர்கிறது. சேர்ந்த இடத்தில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி, ஒன்றையொன்று தின்றுவிட்டது. என் போனில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நல்லதாக மட்டும்தான் கேட்க வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்தாய். நம் ஜனங்கள் எதில் கேட்பார்கள் என்பதை மறந்துவிட்டாய்.

நைனா, தப்பு யாருக்கும் வரும். உன்னை அதற்காக நான் திட்டவில்லை, இப்போதும் திட்டவில்லை. நீ அந்தத் தப்பைச் சரிசெய்து, பாட்டைத் திருத்திவிட்டு, அதைச் சந்தில் யாருக்கும் போட்டுக் காட்டாமலே பெட்டியைக் கட்டினாயே, அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. இந்தச் சிரிப்புக்குப் பயந்து அந்தச் சாரின் ஸ்டுடியோவுக்குப் போனாய். அங்கே யாரும் உன் முகத்துக்கு நேரே சிரிக்கமாட்டார்கள், உண்மைதான். அங்கே "புரொபஷனலா இல்லை" என்பார்கள்.

அந்த வார்த்தையைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கும்போதெல்லாம் யோசித்தேன். என் குரலில் இரைச்சல் இருக்கிறதா? நீயே இல்லை என்றாய். சுருதி விலகுகிறதா? ஓரிடத்தில் விலகுகிறது, அதைத் திருத்தலாம் என்றாய். அப்படியென்றால் எது புரொபஷனலாக இல்லை? அந்த "கீது"வா? இல்லை, அது அவருக்கு வேண்டும். அதுதான் பாட்டிலேயே பிடித்ததாம். என் வார்த்தை வேண்டும், என் வாயின் திருகல் வேண்டும், அது என் தொண்டையிலிருந்து வருவது மட்டும் வேண்டாம். அதை நானே போனில் இன்னொரு தொண்டைக்கு ஊற்றிக் கொடுக்க வேண்டும். ரிசார்ட்டில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பார்க்கிறவர் வருவதற்குள் புறப்படுகிறேனே, அதையே பாட்டிலும் செய்யச் சொல்கிறீர்கள். பாட்டில் நான் அதைத்தானே பாடியிருக்கிறேன்? இதை எழுதிய பிறகும் உன் சாருக்குப் பாட்டின் அர்த்தம் விளங்கவில்லை என்றால் நான் என்ன செய்ய?

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. மதியம் சிவப்புத் துண்டை எடுத்துக் கதவில் மாட்டினேன். நீ போன பிறகு முதல் தடவை. ஸ்டெல்லா அக்கா ஓடி வந்தாள்.

"இன்னாடி, வந்துட்டானா?"

"வரலக்கா. நாந்தான்."

"நீயா? நீ இன்னா பண்ணப் போற?"

"பாடப் போறேன்."

ஏதாவது சொல்லிச் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். "மீனு வச்சிருக்கேன் உள்ள, மறந்தீன்னா கொன்னுடுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் வீட்டு டிவி நின்றது. அடுத்த வீட்டில் நின்றது. அப்படியே சந்தின் கடைசிவரை ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போனது எனக்கு உட்கார்ந்த இடத்தில் கேட்டது. நைனா, அது உன் சாரின் ஸ்டுடியோவில் கிடைக்காது. அங்கே சுவர்தான் தடிமனாக இருக்கும்.

ஃபேனை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜை நிறுத்தி ஐடி கார்டை உள்ளே வைத்தேன். மைக்கை நீ எடுத்துப் போய்விட்டாய், அதனால் போனைத் தலையணைமேல் சாய்த்து, ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேரே வராமல் கொஞ்சம் ஒதுக்கி வைத்தேன். முதலில் சும்மா இருந்தேன், நீ சொல்வாயே, அந்த வெறுமைக்காக. அப்புறம் பாடினேன். தாளம் இல்லை, கீபோர்டு இல்லை. கடைசி வரியில் குரல் உடைந்தது, அதை அப்படியே விட்டேன். முடிந்தும் சும்மா இருந்தேன்.

போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். பிறகு போனையே எடுத்துக்கொண்டு செல்வம் அண்ணனின் ஷெட்டுக்குப் போனேன். ஒரே ஒரு குழாயைத் தரையில் வைத்து ஒயர் கொடுத்தார். போன வருஷம் ஆனது அவருக்கும் மனதில் இருந்திருக்கும், காதைக் கிட்டே வைத்துக்கொண்டு நின்றார். முதல் வரி வந்ததும் நிமிர்ந்தார். "குரலு கீது, தங்கச்சி" என்றார். ரோட்டில் போன டிப்பர் லாரிச் சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்டது. இந்தப் பாட்டு ஆடிக்கு வருமா என்று கேட்டார். என் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஸ்டெல்லா அக்காவின் மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பாட்டை ஒரு மெமரி கார்டில் ஏற்றி இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் நசுக்கிவிடும் என்று நீதான் சொல்வாய். இதை முதலில் ஒரு காதில் கேள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, உன் அறையில் இருக்கிறவனின் மட்டமான போனில் போட்டுக் கேள். அப்புறம் உன் சாரின் பெரிய ஸ்பீக்கரில் போடு. மூன்றிலும் நான் இருப்பேன்.

அந்தப் பெண்ணுக்கு "கீது" சொல்லித்தர மாட்டேன். இதுதான் நீ கேட்டதற்குப் பதில். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளையும் கூப்பிட்டால் வந்து, பாடிவிட்டு, போகச் சொன்னால் போகிறவளாகத்தான் இருப்பாள். அவள் தன் வாயில் வருகிற மாதிரி எதை வேண்டுமானாலும் பாடட்டும். என் "கீது" என் தொண்டையோடுதான் வரும். இரண்டையும் பிரித்துத் தர எனக்குத் தெரியாது.

ஆனால் பாட்டில் பாதி உன்னுடையது. அதையும் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் பேசுகிறவள் இல்லை. அந்தத் திரையைத் தொங்கவிட்டது நீ, கை தட்டியது நீ, என் வாய்க்குள் இருந்ததை வெளியே எடுத்தது நீ. அங்கே உனக்குச் சோறு போடுகிற வேலையை என்னால் விடச் சொல்ல முடியாது. நாம் எவ்வளவு கோபப்பட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை கேட்பார்கள். அதனால் இந்தக் கார்டைக் கேட்ட பிறகும், வேறு குரல்தான் வேண்டும் என்று நீயே நினைத்தால், உன் சார் நினைத்தால் இல்லை, நீ நினைத்தால், அப்படியே செய். நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆடிக்கும் வரவேண்டாம், செல்வம் அண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். அதை மெசேஜில் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் பண்ணி, உன் வாயால் சொல். சிவப்புத் துண்டை மாட்டிவிட்டு, உன் அறையில், ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். சந்தே சும்மா இருக்கும். சொல்வதற்கு முன்னால் நீ எச்சில் விழுங்கினால் எனக்குக் கேட்கும்.